‘பரவாயில்லை’க்கு எத்தனை மதிப்பெண்? பண்புசார் தரவைக் குறியீட்டெண்ணாக்குதலும் தமிழாய்வின் பொறுப்பும்

ஆய்வுச்சுருக்கம்

மக்கள் சொல்லும் சொற்களை எண்களாக மாற்றி, அவ்வெண்களைத் திரட்டி ஒற்றைக் குறியீட்டெண் காணும் முறை சமூக அறிவியலில் நிலைபெற்றுவிட்டது. தமிழ்த்துறைக் களஆய்வுகளும் இம்முறையை மேற்கொள்ளத் தொடங்கியுள்ளன. இம்மாற்றத்தின் ஒவ்வொரு படியும் கணக்கு அன்று, பொருள்கோள் என்பது இக்கட்டுரையின் கருத்து. மண்டல் குழுவின் பதினொரு சுட்டிகள், சென்னையின் மேற்குப் புறநகர்க் களச்சூழல், தொல்காப்பிய உரைமரபு ஆகியவற்றின் துணையால் அது நிறுவப்படுகிறது. எண்ணை விலக்காமல், எண்ணுக்கு உரை எழுதும் கடமையைத் தமிழாய்வு ஏற்கவேண்டும் என்பது முடிவாக முன்வைக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பண்புசார் தரவு, குறியீட்டெண், சுட்டி, குறியிடல், நிறை, மண்டல் குழு, உரைமரபு, அம்பத்தூர்

முன்னுரை

நாட்டார் வழக்காற்றியல், சமூக மொழியியல், பெண்ணியம், புலம்பெயர்வு ஆகிய துறைகளில் தமிழ்த்துறைகள் நிகழ்த்தும் களஆய்வுகளில் அண்மைக் காலமாக ஒரு மாற்றம் தென்படுகிறது. முன்னர் நேர்காணல்களையும் வாழ்க்கைக் கதைகளையும் தொகுத்து விளக்கிய ஆய்வேடுகள், இப்போது இயல்தோறும் அட்டவணைகளையும் சராசரிகளையும் தாங்கி வருகின்றன. ‘மொழிப்பற்றுக் குறியீடு’, ‘பண்பாட்டு ஒட்டுறவுக் குறியீடு’ என்ற வகையில் தலைப்புகளும் அமைகின்றன. புள்ளிவிவரச் சான்று இல்லாத ஆய்வு, ஆய்வாகக் கருதப்படாமல் போய்விடுமோ என்ற அச்சம் இளம் ஆய்வாளரிடையே உள்ளது.

இம்மாற்றத்தை எதிர்கொள்வோர் இருதிறத்தார். ஒரு சாரார், மனித அனுபவத்தை எண்ணால் அளக்கவியலாது என்று முற்றாக மறுக்கின்றனர். மற்றொரு சாரார், கணினி மென்பொருள் தரும் எண்ணை ஐயமின்றி ஏற்கின்றனர். இருவருமே எண் எவ்வாறு பிறந்தது என்பதைக் கேட்பதில்லை. முன்னவர் அதனைக் கேட்கும் முன்பே விலகிவிடுகின்றனர். பின்னவர் கேட்கத் தேவையில்லை எனக் கருதுகின்றனர். அக்கேள்வியைக் கேட்பதற்குரிய பயிற்சி பெற்றவர்கள் தமிழ் படித்தவர்களே என்பதை வலியுறுத்துவது இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லிலிருந்து எண்ணுக்கு

ஒரு கூற்று குறியீட்டெண்ணாக மாறும் வழியில் ஆறு படிகள் உள்ளன. முதலாவது, அளக்கவேண்டிய கருத்து எது என வரையறுத்தல். இரண்டாவது, நேரே காணவியலாத அக்கருத்தைக் காட்டும் சுட்டிகளைத் தெரிதல். மூன்றாவது, கிடைத்த விடைகளை வகைப்படுத்திக் குறியிடுதல். நான்காவது, குறிகளுக்கு எண்மதிப்பு அளித்தல். ஐந்தாவது, சுட்டிகளுக்கு நிறை வகுத்துத் திரட்டுதல். ஆறாவது, திரண்ட எண்ணில் ஒரு வெட்டுப்புள்ளி குறித்து, மேலுள்ளாரையும் கீழுள்ளாரையும் பிரித்தல்.

இவற்றுள் நான்காம் படியே மிகுதியாகக் கவனம் பெறாதது. எண்களின் அளவைநிலைகளைப் பெயரளவை, வரிசை அளவை, இடைவெளி அளவை, விகித அளவை என ஸ்டீவன்ஸ் 1946-இல் நான்காகப் பகுத்தார். ‘மிகவும் உடன்படுகிறேன்’ என்பது முதலாக ‘சற்றும் உடன்படவில்லை’ என்பது ஈறாக அமையும் ஐந்துநிலை அளவுகோல் லிக்கர்ட் 1932-இல் வகுத்த முறையின் வழிவந்தது. இதன் ஒவ்வொரு வினாவின் விடையும் வரிசை அளவையைச் சார்ந்தது. ஐந்து என்பது நான்கினும் மேல் என்று மட்டுமே அது சொல்லும். எவ்வளவு மேல் என்று சொல்லாது. ஆயினும் பெரும்பாலான ஆய்வேடுகள் அவ்வெண்களைக் கூட்டி வகுத்துச் சராசரி காண்கின்றன. ஒரு தொழிற்கூடத்தில் ஒருவர் ஐந்து என்றும் மற்றொருவர் ஒன்று என்றும் விடையளித்தால் சராசரி மூன்று. இருவரும் மூன்று என்றாலும் சராசரி மூன்றுதான். மகிழ்ந்தவரும் வருந்தியவரும் அருகருகே நிற்கும் கூடமும், இருவரும் எதையும் சொல்ல விரும்பாத கூடமும் அட்டவணையில் ஒன்றாகிவிடுகின்றன.

ஐந்தாம் படியிலும் இத்தகைய மறைவு உண்டு. நிறைகளை ஆய்வாளர் தாமே வகுக்கலாம்; அனைத்துக்கும் சமநிறை அளிக்கலாம்; முதன்மைக் கூறு பகுப்பாய்வு போன்ற முறையால் கணினியே வகுக்கவும் செய்யலாம். தேசியக் குடும்பநல ஆய்வின் செல்வக் குறியீடு இம்மூன்றாம் வகையினது. கணினி வகுத்த நிறை நடுவுநிலையானது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அம்முறை, தம்முள் சேர்ந்து வரும் பொருள்களுக்கு மிகுநிறை தருவது. வாழ்க்கைக்கு இன்றியமையாதன எவை என்பதை அது அறியாது. சமநிறை அளிப்பதும் ஒரு தீர்ப்பே.

மண்டல் குழுவின் இருபத்திரண்டு மதிப்பெண்

இந்தியாவில் சொல்லை எண்ணாக்கியதன் மிகப் பெரிய விளைவுகளுள் ஒன்று மண்டல் குழுவின் அறிக்கை. அரசமைப்பின் 340-ஆம் பிரிவின்கீழ் 1979-இல் அமைக்கப்பெற்ற இரண்டாம் பிற்படுத்தப்பட்டோர் ஆணையம், 1980 டிசம்பர் 31-இல் தன் அறிக்கையை அளித்தது. ‘சமூக நிலையிலும் கல்வி நிலையிலும் பின்தங்கிய வகுப்பினர்’ என்பது அரசமைப்பின் சொல். அச்சொல்லுக்கு எண்வடிவம் தரும் பணியை ஆணையம் ஏற்றது.

பதினொரு சுட்டிகள் வகுக்கப்பட்டன. சமூகச் சுட்டிகள் நான்கு. ஒவ்வொன்றுக்கும் 3 மதிப்பெண். கல்விச் சுட்டிகள் மூன்று, ஒவ்வொன்றுக்கும் 2. பொருளாதாரச் சுட்டிகள் நான்கு, ஒவ்வொன்றுக்கும் 1. ஆக மொத்தம் 22. நாட்டின் ஏறத்தாழ எல்லா மாவட்டங்களிலும் இரண்டு சிற்றூர்களும் ஒரு நகரப் பகுதியும் தெரிந்தெடுக்கப்பட்டுக் கணக்கெடுப்பு நடந்தது. 11 அல்லது அதற்கு மேற்பட்ட மதிப்பெண் பெற்ற சாதி பின்தங்கியது எனக் கொள்ளப்பட்டது. இப்பட்டியலோடு மாநில அரசுகளின் பட்டியல்களும், ஆணையம் தன் பயணங்களில் பெற்ற நேரறிவும் சேர்த்துக்கொள்ளப்பட்டன.

இவ்வமைப்பின் கணக்கை நின்று நோக்கினால் சில உண்மைகள் புலப்படும். கல்விச் சுட்டிகள் மூன்றும் பொருளாதாரச் சுட்டிகள் நான்கும் முழுமையாகப் பொருந்தினாலும் கிடைப்பது 10 மட்டுமே. ஆகவே, சமூகச் சுட்டி ஒன்றேனும் பொருந்தாத எந்தச் சாதியும் இவ்வளவுகோலின்படி பின்தங்கியதாக இயலாது. வறுமை மட்டும் பின்தங்கிய நிலை ஆகாது என்ற சட்டக் கருத்து, 3, 2, 1 என்ற நிறைகளுக்குள் இவ்வாறு பொதிந்துள்ளது. மறுதலையாக, சமூகச் சுட்டிகள் நான்கும் பொருந்தினால் 12 கிடைத்துவிடும். கல்விச் சுட்டி ஒன்றும் பொருந்தவேண்டியதில்லை. அரசமைப்பின் தொடரில் சமூகமும் கல்வியும் இணைத்துச் சொல்லப்பட்டிருக்க, கூட்டல் முறையில் அவ்விணைப்பு கட்டாயமாக இல்லை. இந்த இரண்டு முடிவுகளும் தரவிலிருந்து தோன்றியவை அல்ல. தரவு திரட்டப்படும் முன்பே நிறைகளில் எழுதப்பட்டவை.

அடுத்து, சுட்டிகளின் தன்மை. ‘பிறரால் சமூக நிலையில் பின்தங்கியதாகக் கருதப்படும் சாதி’ என்பது முதற்சுட்டி. இது முற்றிலும் பண்புசார்ந்தது. பிறர் வாய்ச்சொல்லே இதன் தரவு. ஏனைய பலவும் மாநிலச் சராசரியினும் குறைந்தது 25 விழுக்காடு வேறுபடவேண்டும் என்ற எல்லையைக் கொண்டவை. எல்லையைத் தொட்டால் முழு மதிப்பெண், தொடாவிடில் ஒன்றுமில்லை. 24 விழுக்காடு வேறுபட்ட சாதியும் சராசரியை ஒத்த சாதியும் ஒரே சுழியைப் பெறும். படிப்படியாக வேறுபடும் வாழ்க்கைநிலை, ‘ஆம்’, ‘இல்லை’ என்ற இரண்டாகச் சுருங்கிவிடுகிறது.

இவற்றைச் சொல்வது ஆணையத்தைக் குறைகூறுவதற்கன்று. தன் சுட்டிகளையும் நிறைகளையும் வெட்டுப்புள்ளியையும் அது வெளிப்படையாக அச்சிட்டது. அதனாலேயே நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் ஓர் ஆய்வு மாணவர் தாளில் கூட்டிப்பார்த்து அதனோடு வாதிட முடிகிறது. இன்றைய ஆய்வேடுகள் பலவற்றில் இவ்வெளிப்படைத்தன்மை இல்லை என்பதே கவலைக்குரியது.

புறநகரில் சுட்டிகள் படும் பாடு

ஒரு சுட்டி, தான் பிறந்த இடத்தில் காட்டும் பொருளை வேறிடத்தில் காட்டுவதில்லை. 1960-களில் எழுந்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடிக் கனரக ஊர்தித் தொழிற்சாலையும் பல மாவட்டங்களிலிருந்தும் பின்னர்ப் பல மாநிலங்களிலிருந்தும் மக்களைக் கொணர்ந்து சேர்த்த பகுதி, சென்னையின் மேற்குப் புறநகர். இக்கட்டுரையாளரின் களமும் இதுவே. மண்டல் சுட்டிகளுள் நான்கனை இங்கு வைத்துப் பார்க்கலாம்.

குடிநீர் ஆதாரம் அரை கிலோமீட்டருக்கு அப்பால் இருத்தல் ஒரு சுட்டி. புறநகரின் பல தெருக்களில் தண்ணீர் லாரி தெருமுனைக்கே வரும். தொலைவு சில அடிகளே. ஆனால் லாரி வரும் நேரம் எவருக்கும் தெரியாது; குடங்களை வரிசையில் வைத்துவிட்டு ஒருவர் விழித்திருக்கவேண்டும். குடிப்பதற்கோ கேன் தண்ணீர் விலைக்கு வாங்கவேண்டும். தொலைவை அளக்கும் சுட்டி இவ்வீட்டைக் குறையற்றது என்றே பதியும். நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட பன்முக வறுமைக் குறியீடு தொலைவுக்கு மாறாக, சென்றுவர ஆகும் நடைநேரத்தைக் கொள்கிறது. அதுவும் நடக்கும் நேரத்தையே அளக்கும். காத்திருக்கும் நேரத்தை அளக்காது.

குடிசைவீடு மற்றொரு சுட்டி. தொழிற்பேட்டையைச் சுற்றி வரிசையாகக் கட்டப்பட்ட ஒற்றை அறைகள் கான்கிரீட் கூரை கொண்டவை. ஓர் அறையில் பலர் முறைவைத்து உறங்கினாலும் அது ‘நல்ல வீடு’ என்றே எண்ணப்படும்.

பெண்கள் வேலைக்குச் செல்லும் விகிதம் மாநிலச் சராசரியினும் 25 விழுக்காடு மிகுந்திருத்தல், மண்டல் அளவுகோலில் பின்தங்கியமைக்கு அடையாளம். அதற்கு 3 மதிப்பெண். ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் 2010-இல் அறிமுகப்படுத்திய பாலின ஏற்றத்தாழ்வுக் குறியீட்டிலோ பெண்களின் உழைப்புப் பங்கேற்பு மிகுதல் முன்னேற்றத்திற்கு அடையாளம். ஒரே தரவு ஓரிடத்தில் கூட்டலாகவும் மற்றோரிடத்தில் கழித்தலாகவும் நிற்கிறது. அம்பத்தூரில் ஆடை ஏற்றுமதிக் கூடத்திற்குச் செல்லும் பெண்ணுக்கு அவ்வேலை எது? கணவர் வருவாய் போதாமையால் ஏற்ற சுமையா, தன் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கவைத்த வாய்ப்பா? பெரும்பாலும் இரண்டும். அவரைப் பேசவிட்டால் ஒரே மூச்சில் இரண்டையும் சொல்வார். குறியீட்டெண் ஒன்றனை மட்டுமே ஏற்கும்.

முதற்சுட்டியாகிய ‘பிறர் கருதுதல்’ இன்னும் கடினமானது. சிற்றூரில் தெருவே சாதியைச் சொல்லிவிடும். புறநகரில் பேச்சு, சொந்த ஊர், பெயர், உணவு ஆகியவற்றால் ஊகிக்கின்றனர். ‘இங்க யாரும் அதெல்லாம் பாக்கறதில்லம்மா’ என்பது களத்தில் மிகுதியாகக் கிடைக்கும் விடை. அவ்விடை கிடைத்த தெருவிலேயே ‘வீடு வாடகைக்கு, சைவம் மட்டும்’ என்ற பலகை தொங்கக் காணலாம். வினாத்தாளில் பதிவது முன்னது; வாழ்க்கையை ஆள்வது பின்னது. பலகையில் உள்ள மூன்று நான்கு சொற்களையும் பனுவலாகக் கொண்டு படிக்கும் பழக்கம் உடையவருக்கே இம்முரண் புலப்படும்.

எல்லைகளும் நிலையாக நிற்பதில்லை. அம்பத்தூர் நகராட்சி 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. அம்பத்தூர் வட்டம் 2018-இல் திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாவட்டத்திற்கு மாறியது. ஆவடி 2019-இல் தனி மாநகராட்சி ஆயிற்று. இம்மாற்றத்தைக் குறிக்காமல் திருவள்ளூர் மாவட்டக் குறியீட்டெண்ணின் ஏற்ற இறக்கத்தைப் பேசும் ஆய்வு, மக்கள் மாறினரா, வரைபடம் மாறியதா என்பதைச் சொல்லவியலாது.

‘பரவாயில்லை’யும் ‘நடுநிலை’யும்

மேற்கண்டவை சமூக அறிவியலாரும் அறிந்த இடர்கள். தமிழ் படித்தவர் மட்டுமே முழுமையாகக் காணவல்ல இடர் ஒன்று உண்டு. அது விடைச்சொல்லின் பொருள்.

தொழிற்பேட்டைப் பெண் தொழிலாளரின் பணிவாழ்வு குறித்த களப்பணியில், ‘வேலையில் உங்களுக்கு நிறைவு உண்டா?’ என்ற வினாவுக்கு ஐந்துநிலை விடை கொண்ட படிவத்தை இக்கட்டுரையாளர் பயன்படுத்தினார். நடுவயதுப் பெண் ஒருவர் படிவத்தைப் பாராமலே, ‘பரவால்லம்மா, ஓடுது’ என்றார். எந்தக் கட்டத்தில் குறியிடுவது? மூன்றாம் கட்டத்தில் குறியிடப்பட்டது. மாலையில் ஒலிப்பதிவை மீண்டும் கேட்டபோது, அதற்குச் சற்று முன்னர் அவர் பழைய கூடத்தில் ஓவர்டைம் பணம் கிடைக்காத செய்தியைச் சொல்லியிருந்தது தெரிந்தது. ‘அதற்கு இது பரவாயில்லை’ என்பதே அவர் கருத்து எனின் நான்காம் கட்டம் பொருந்தும். ‘ஓடுது’ என்பதில் இருந்த சோர்வைக் கொண்டால் இரண்டாம் கட்டம். அந்தப் படிவத்தில் இன்றளவும் அக்கட்டத்திற்கு எதிரே ஒரு வினாக்குறி உள்ளது.

‘பரவா’ என்பது உருது வழியாகத் தமிழுக்கு வந்த பாரசீகச் சொல்; கவலை, பொருட்படுத்துதல் என்பன அதன் பொருள். ‘பரவாயில்லை’ என்பதன் நேர்ப்பொருள் ‘கவலை இல்லை’. வழக்கிலோ அது பல பொருள் கொண்டு நிற்கிறது. மன்னிப்புக் கேட்டவருக்குச் சொல்லும்போது பொறுத்தல். உபசரிப்பவருக்குச் சொல்லும்போது மென்மையான மறுப்பு. ‘முன்னைக்கு இப்போது’ என்பதோடு வரும்போது ஒப்பீட்டு முன்னேற்றம். தனித்து வரும்போது நடுத்தரம். நீண்ட மூச்சோடு வரும்போது வேறுவழியின்மை. புருவம் உயர்த்திச் சொன்னால் பாராட்டு. ஐந்துநிலை அளவுகோலில் இரண்டு முதல் ஐந்து வரை எந்த இடத்திலும் இச்சொல் அமரக்கூடும். தொடரும் குரலும் முன்பின் பேச்சும் இன்றி அதன் இடத்தை வரையறுக்கவியலாது. ‘ஏதோ இருக்கோம்’, ‘சொல்லிக்கிற மாதிரி இல்ல’, ‘குறையொண்ணுமில்ல’ என்பனவும் இவ்வகையினவே.

படிவத்தில் அச்சிடப்படும் தமிழும் இடர் தருகிறது. அளவுகோலின் நடுப்புள்ளியைப் பெரும்பாலான தமிழ்ப் படிவங்கள் ‘நடுநிலை’ எனக் குறிக்கின்றன. மூல அளவுகோலில் அப்புள்ளி, உடன்பாடும் இல்லை மறுப்பும் இல்லை என்ற நிலையைக் குறிப்பது. தமிழில் நடுநிலை என்பது ஓர் அறம். திருக்குறளில் அதற்கெனத் தனி அதிகாரமே உண்டு. ‘நடுநிலை’ என்ற கட்டத்தைத் தெரிந்தவர் கருத்தின்மையைத் தெரிவித்தாரா, சார்பற்ற நல்லவராகத் தம்மைக் காட்டிக்கொண்டாரா? மொழிபெயர்ப்பே அளவுகோலின் நடுவில் ஒரு மேட்டை உண்டாக்கிவிடுகிறது. மேலும், எழுத்துத் தமிழில் அமைந்த வினாவைக் களப்பணியாளர் ஒவ்வொருவரும் தத்தம் பேச்சுத் தமிழில் மாற்றியே கேட்கின்றனர். இரட்டை வழக்குடைய மொழியில், அச்சிட்ட வினா ஒன்று. கேட்கப்பட்ட வினாக்கள் பல.

இவ்விடருக்கு வழக்கமாகச் சொல்லப்படும் தீர்வு, இருவரைக் கொண்டு தனித்தனியே குறியிடச் செய்து, தற்செயலை நீக்கிய உடன்பாட்டைக் கோகன் 1960-இல் வகுத்த காப்பா கெழுவால் அளப்பது. இது தேவையானதே. ஆனால் உடன்பாடு நம்பகத்தன்மையைக் காட்டுமேயன்றி ஏற்புடைமையைக் காட்டாது. ஒரே துறையில் பயின்ற இருவர் ‘பரவாயில்லை’க்கு எப்போதும் மூன்று என்று குறியிட்டால் கெழு உயர்ந்தே நிற்கும், பிழையும் அவ்வாறே நிற்கும்.

உரைமரபு காட்டும் நெறி

பண்பை வகைப்படுத்துதலும் வகைகளுக்குள் ஏற்றத்தாழ்வு வகுத்தலும் தமிழுக்குப் புதியன அல்ல. சங்கப் பாடல்களுக்குத் திணையும் துறையும் வகுத்தமை ஒரு குறியிடலே. அகநானூற்றில் பாலைக்கு 200, குறிஞ்சிக்கு 80, முல்லை, மருதம், நெய்தல் ஒவ்வொன்றுக்கும் 40 எனப் பாடல்கள் எண்முறையில் நிரல்படுத்தப்பட்டிருப்பதைக் காண்கிறோம். ஒரு பாடலின் திணையை அறிய முதல், கரு, உரி என்ற மூவகைச் சுட்டிகளைத் தொல்காப்பியம் தருகிறது. அவை முறையாற் சிறந்தவை என்றும் கூறுகிறது.

அச்சிறப்பு எத்திசையது என்பதில் உரையாசிரியர்கள் வேறுபடுகின்றனர். மூன்றும் வரும் பாடலில் முதற்பொருளாலும், அஃதில்லாதபோது கருப்பொருளாலும், உரிப்பொருள் மட்டும் வரின் அதனாலும் திணை கொள்ளவேண்டும் என்பது இளம்பூரணர் கருத்து. முதலினும் கருவும், கருவினும் உரியும் சிறந்து வரும் என்பது நச்சினார்க்கினியர் கருத்து. சுட்டிகள் அவையே, நிறையின் திசை மட்டும் தலைகீழாகிறது. அதனால் சில பாடல்களின் திணையும் மாறக்கூடும். இதனை நாம் இன்று அறிய முடிவது எதனால்? இருவரும் தம் நிறையை மறைக்காமல் எழுதிவைத்ததனால். ‘என்பாரும் உளர்’ என மாற்றுக்கருத்தைத் தம் உரைக்குள்ளேயே பதிந்துவைக்கும் வழக்கமும், பாடவேறுபாட்டை அடிக்குறிப்பில் காட்டும் பதிப்பு வழக்கமும் நம் மரபில் உள்ளன. திணைமயக்கத்தையும் மரபு ஏற்றது. ஒரு பாடலை ஒரே வகைக்குள் அடைத்தே தீரவேண்டும் என்று அது வற்புறுத்தவில்லை.

மற்றொன்றும் கருதத்தக்கது. ஒன்று மற்றொன்றினும் சிறந்தது எனத் தொல்காப்பியம் வரிசை கூறியதேயன்றி, எத்தனை மடங்கு என்று கூறவில்லை. மண்டல் குழுவின் நிறைகளோ சமூகச் சுட்டி பொருளாதாரச் சுட்டியின் மும்மடங்கு என்கின்றன. ‘மேல்’ என்பதற்கும் ‘மும்மடங்கு மேல்’ என்பதற்கும் இடையிலுள்ள தொலைவைக் கடக்கத் தரவு துணைசெய்யாது, துணிவுதான் துணைசெய்யும். அத்துணிவு தேவைப்படும் இடங்கள் உண்டு. அங்கு அது துணிவு என ஒப்புக்கொள்ளப்படவேண்டும்.

திரட்டும் முறையில் பொதுமக்களும் தேர்ச்சியுடையவரே. மெய்ப்பாட்டியல் தலைமக்களின் ஒப்பினைப் பத்தாக எண்ணுகிறது. சோதிடம் பார்ப்போரும் பத்துப் பொருத்தம் காண்கின்றனர். ‘பத்துக்கு ஏழு’ என்பது கூட்டல் குறியீடு. ஆனால் ரச்சுப் பொருத்தம் இல்லையெனில் ஏனைய ஒன்பதும் பொருந்தினும் அம்முறையில் வேண்டாம் என்பர். அதாவது, ஒரு சுட்டியின் குறையை மற்றொன்றின் மிகுதி ஈடுசெய்யலாகாது என்ற கொள்கை அங்கு உள்ளது. மனிதவள மேம்பாட்டுக் குறியீடு 1990-இல் கூட்டுச் சராசரியோடு தொடங்கி, 2010-இல் பெருக்குச் சராசரிக்கு மாறியதற்கும் ஈடுசெய்தல் பற்றிய இக்கவலையே காரணம். கல்வியில் மிகத் தாழ்ந்த நாடு வருவாயால் மட்டும் உயர்ந்து நிற்கக் கூடாது என்பது கருத்து. சோதிடத்தை ஏற்றல் வேறு. திரட்டலின் இவ்விரு வகையும் மக்கள் வழக்கில் உள்ளமையை மாணவருக்குக் காட்டுதல் வேறு. பின்னது வகுப்பறைக்குப் பயன்படும்.

எண்ணை விலக்கலாமா?

இவ்வளவு இடருடைய எண் எதற்கு என்ற வினா எழலாம். எண்ணின்மையும் ஒரு தீர்ப்பாகிவிடும் என்பதே விடை. மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கான 20 விழுக்காட்டுக்குள் வன்னியருக்கு 10.5 விழுக்காடு ஒதுக்கித் தமிழக அரசு 2021-இல் இயற்றிய சட்டத்தை, அவ்வாண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. 2022 மார்ச் 31-இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. உள்ஒதுக்கீடு செய்யும் அதிகாரம் மாநிலத்திற்கு உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் 1980-களின் அம்பாசங்கர் ஆணையத் தரவு பழையது என்றும், பிற சாதிகளோடு ஒப்பிட்ட பின்தங்கிய நிலை ஆராயப்படவில்லை என்றும் கூறியது. ஒதுக்கீட்டை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் ஒருங்கே உணரவேண்டியது ஒன்றுண்டு: துன்பத்தைச் சொல்லால் சொன்னவரிடம் மன்றம் எண் கேட்கும், எண்ணைத் தருபவரிடம் அது எவ்வாறு பெறப்பட்டது என்று கேட்கும்.

வரவிருக்கும் 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் எண்ணப்படும் என ஒன்றிய அரசு 2025 ஏப்ரலில் அறிவித்துள்ளது. 1931-இல் எண்ணப்பட்ட சாதிகள் 4,147. 2011-இன் சமூகப் பொருளாதார சாதிக் கணக்கெடுப்பிலோ 46 இலட்சத்திற்கும் மேற்பட்ட பெயர்கள் பதிவாயின என உச்ச நீதிமன்றத்தில் ஒன்றிய அரசு தெரிவித்தது. சாதி பெருகிவிடவில்லை. பட்டப்பெயர், உட்பிரிவு, குலம், கோத்திரம், ஊர்வழக்கு, எழுத்து வேறுபாடு அனைத்தும் தனித்தனிச் சாதிகளாகப் பதிவாகிவிட்டன. இதனைப் புள்ளியியல் இடர் என்பதினும் சொல்லியல் இடர் என்பதே பொருந்தும். ஒரு பெயரின் வழக்கு வடிவங்களை இனங்கண்டு, எவை ஒன்று, எவை வேறு எனக் காரணம் காட்டிப் பிரித்தல் அகராதித் தொகுப்பாளரும் பதிப்பாசிரியரும் செய்துவரும் பணி. அப்பணி நடக்கும் அவையில் தமிழ்த்துறைகளுக்கு இடம் வேண்டும். நாமும் அதனைக் கேட்கவேண்டும்.

ஆய்வேடுகளுக்குச் சில நெறிகள்

தமிழ்த்துறைகள் உடனடியாக மேற்கொள்ளத்தக்க ஐந்து நெறிகளை இங்கு முன்மொழியலாம்.

1. எண்மதிப்பு அளித்த ஒவ்வொரு விடைக்கும் மூலச்சொல் பேச்சுவழக்கிலேயே பேணப்படவேண்டும். எண் ஐயத்திற்கு இடமாகும்போது மீண்டும் சொல்லிடம் செல்லும் வழி அடைபடக் கூடாது.

2. குறியீட்டு விளக்கம் தமிழில், எடுத்துக்காட்டுகளோடு பின்னிணைப்பாக இடம்பெறவேண்டும். எந்தச் சூழலில் ‘பரவாயில்லை’ இரண்டு, எந்தச் சூழலில் நான்கு என்பது அங்குத் தெரியவேண்டும்.

3. குறியிட்டோர் வேறுபட்ட இடங்களைக் கெழுவோடு நிறுத்தாமல், பாடவேறுபாடு போல எடுத்துக்காட்டவேண்டும். ஆய்வின் சுவையான செய்திகள் பெரும்பாலும் அவ்விடங்களிலேயே இருக்கும்.

4. வரிசை அளவைத் தரவுக்குச் சராசரியை மட்டும் தராமல், ஒவ்வொரு நிலையிலும் எத்தனை பேர் என்ற பரவலையும் இடைநிலை அளவையும் தரவேண்டும்.

5. நிறைகளை இருவேறு வகையில் அமைத்துக் கணக்கிட்டு, முடிவு மாறுகிறதா என்பதைச் சொல்லவேண்டும். மாறினால் அதுவே ஆய்வின் முடிவு.

இவை ஆய்வேட்டின் பக்கத்தைக் கூட்டும், காலத்தையும் கூட்டும். நெறியாளரும் புறத்தேர்வாளரும் அதற்கு இடந்தரவேண்டும். அட்டவணையின் எண்ணிக்கையைக் கொண்டு ஆய்வின் தரத்தை மதிப்பிடும் போக்கு நீடித்தால், நாமே ஒரு பிழைபட்ட குறியீட்டெண்ணுக்கு ஆட்பட்டவராவோம்.

முடிவுரை

பண்புசார் தரவைக் குறியீட்டெண்ணாக்குதல், வரையறையிலிருந்து வெட்டுப்புள்ளி வரை ஒவ்வொரு படியிலும் பொருள்கோள் சார்ந்தது. மண்டல் குழுவின் நிறைகளும் புறநகரில் பொருள்மாறும் சுட்டிகளும் அதற்குச் சான்று. எண்ணைக் கண்டு அஞ்சுவதும் வணங்குவதும் தமிழாய்வுக்குத் தேவையற்றவை. சூத்திரத்தின் சுருக்கத்தை விரித்து, தம் காரணத்தையும் மாற்றார் காரணத்தையும் எழுதிவைத்த உரையாசிரியர்களின் வழியில், குறியீட்டெண் என்ற சூத்திரத்துக்கும் உரை எழுத நம்மால் இயலும். தொழிற்பேட்டைப் பெண்மணியின் ‘பரவால்லம்மா, ஓடுது’ என்ற கூற்றுக்கு மூன்று என்று எழுதிவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவது எளிது. ஏன் மூன்று என்று அவரிடமே விளக்கிச் சொல்லும் நிலை வந்தால், நம்மிடம் விடை இருக்கவேண்டும்.